இயந்திரமும் ஒப்பந்தமும்: கெர்ஹார்ட் ஹாக்கின் தானியங்கிக் கார் நிறுத்தகங்கள்

1. கேள்வி

நியூயார்க் நகருக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், சுமார் ஒன்றேகால் சதுர மைல் நிலத்துக்குள் அடங்கிவிடும் ஊர் ஹோபோகன். தெருக்கள் குறுகலானவை, பழைய வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவை. 2002 அக்டோபரில் இவ்வூரின் கார்டன் தெருவில் 300க்கும் மேற்பட்ட கார்கள் கொள்ளும் நிறுத்தகம் ஒன்று திறக்கப்பட்டது. மேலே ஓட்டிச் செல்லச் சாய்தளம் கிடையாது; சாவியை வாங்கிக்கொண்டு காரை நிறுத்தித் தரும் பணியாளரும் கிடையாது. வாயிலறையில் காரை விட்டு இறங்கி வெளியே வந்துவிட்டால் மீதியை இயந்திரம் பார்த்துக்கொண்டது. இதை வடிவமைத்தது ஃப்ளோரிடா மாநிலம் கிளியர்வாட்டரைச் சேர்ந்த ரோபோடிக் பார்க்கிங் நிறுவனம். அந்நிறுவனத்தை 1994இல் தொடங்கியவர் கெர்ஹார்ட் ஹாக் என்ற பொறியாளர்.

2006 கோடையில் இதே நிறுத்தகத்துக்குள் நூற்றுக்கணக்கான கார்கள் சில நாட்கள் வெளியே எடுக்க முடியாமல் சிக்கிக்கொண்டன. சிக்கலின் வேர் லிஃப்டிலோ சங்கிலியிலோ இல்லை. நகராட்சிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் முறிந்திருந்தது.

ஹாக்கைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இந்த இரு நிகழ்வுகளில் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. 2002ஐப் பிடித்தவர்களுக்கு அவர் முன்னோடி. 2006ஐப் பிடித்தவர்களுக்கு அவர் ஒரு பாடம். இரண்டையும் சேர்த்து எடைபோட்டால் என்ன கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காரைத் தூக்கி அடுக்குவது ஹாக்குக்கு முன்பே பழகிப்போன வித்தை. அவர் தீர்க்க முயன்றது கார்கள் வரிசையில் தேங்காமல் வந்துபோவது எப்படி என்ற சிக்கலை. அதை அவர் மென்பொருளின் துணையால் தீர்த்தார். அந்தத் தீர்வே நிறுத்தகத்தை அதைச் செய்தவரின் கையில் கட்டிப்போட்டது. இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் மதிப்பிடுவது பிழையாக முடியும் என்று கருதுகிறேன்.

2. ஹாக்குக்கு முன்

கார்டன் தெரு நிறுத்தகத்தை அமெரிக்காவின் முதல் முழுத் தானியங்கி நிறுத்தகம் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். 'முதல்' என்ற உரிமைகோரலை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாரிஸின் போந்தியூ தெருவில் 1900களின் முதல் பத்தாண்டில் ஒகுஸ்த் பெரே கட்டிய நிறுத்தகத்தில் கார்களை மேல்தளத்துக்கு ஏற்ற லிஃப்ட் இருந்தது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் அதன் கான்கிரீட் முகப்பையும் நடுவிலிருந்த பெரிய கண்ணாடிச் சாளரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்த இயந்திரத்துக்குக் கிடைத்தது ஓரிரு வரிதான். கட்டடம் 1970இல் இடிக்கப்பட்டது. நிறுத்தகங்களின் வரலாறு முழுக்க இந்தப் பாகுபாடு தொடர்கிறது: முகப்பு நினைவில் நிற்கிறது, இயந்திரம் மறக்கப்படுகிறது.

நியூயார்க்கில் மேற்கு 61ஆம் தெருவில் 1930 வாக்கில் எழுந்த கென்ட் நிறுத்தகம் இதற்கு இன்னொரு சான்று. இருபதுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட அந்தக் கோபுரத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறிய வண்டி ஒன்று காரின் பின் அச்சைப் பற்றி இழுத்து லிஃப்டில் ஏற்றியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது சாமான் கிடங்காகிவிட்டது. பின்னர் குடியிருப்பாகி இன்றும் நிற்கிறது. கட்டடம் பிழைத்தது, இயந்திரம் பிழைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பௌசர், பிஜன் ஹோல் போன்ற பெயர்களில் பல அமெரிக்க நகரங்களில் இயந்திர நிறுத்தகங்கள் முளைத்தன. 1951இல் வாஷிங்டனில் பார்க்-ஓ-மேட் திறக்கப்பட்டது. பணியாளர் காருக்குள் ஏறாமலேயே அதை மேலே அனுப்ப முடிந்தது. 'ஓட்டுநரில்லா நிறுத்தகம்' என்ற பெருமைக்கு ஹோபோகனைவிட அரை நூற்றாண்டு மூத்த உரிமையாளர் அது. நிலத்தின் விலை ஏறியதும் அதை அகற்றிவிட்டு அவ்விடத்தை அலுவலகங்களுக்கு விட்டார்கள். நிலம் விலை உயர்ந்தது என்பதாலேயே தேவைப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு, நிலம் மேலும் விலை உயர்ந்ததால் மறைந்தது. இயந்திர நிறுத்தகத்தின் பொருளாதாரம் எவ்வளவு குறுகிய இடைவெளியில் உயிர்வாழ்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனின் அனுபவம் இன்னும் கசப்பானது. லண்டன் வூலிச்சில் 1961இல் இளவரசி மார்கரெட் திறந்துவைத்த ஆட்டோ-ஸ்டாக்கர் ஒழுங்காக இயங்கவே இல்லை. சில ஆண்டுகளில் இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க்கில் ருமேனியாவில் பிறந்த பொறியாளர் மிஹாய் அலிமனேஸ்தியானு ஸ்பீட்-பார்க் என்ற அமைப்பை உருவாக்கினார். கட்டுப்பாட்டை மின்னணுக் கருவியிடம் ஒப்படைக்கும் எண்ணம் அதில் ஏற்கெனவே இருந்தது.

ஆகவே 'முதல்' என்ற அடைமொழியைச் சற்றுச் சுருக்கிப் பொருள்கொள்வதே நேர்மை. பணியாளரின் கை எந்த நிலையிலும் தேவைப்படாமல், கணினியே இடம் தேர்ந்து, வைத்து, மீட்டுத் தரும் பெரிய பொது நிறுத்தகம் என்ற வரையறைக்குள் ஹோபோகனுக்கு முதலிடம் தரலாம். அதற்கு அப்பால் நீட்டினால் மூன்று தலைமுறைப் பொறியாளர்களின் உழைப்பை மறைத்தவர்களாவோம்.

3. வரிசையின் கணக்கு

ஜப்பானில் இதே தொழில்நுட்பம் தோற்கவில்லை. அங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். நெருக்கமான நகரங்களில் இந்தச் சட்டம் உருவாக்கிய தேவையை, ராட்டினம்போலச் சுழலும் ஒடுங்கிய கோபுரங்கள் நிறைவுசெய்தன. 1990களின் தொடக்கத்தில் அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 இடங்கள் இவ்வகையில் கட்டப்பட்டன. ஆனால் ஒரு கோபுரத்தில் சில பத்துக் கார்கள்தான். சிறிய அளவில் வென்ற ஒன்று பெரிய அளவில் ஏன் திணறியது?

பதில் எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு லிஃப்ட் ஒரு காரை எடுத்துவந்து கொடுத்துவிட்டுத் திரும்ப 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கார்கள். நிறுத்தகத்தில் 30 கார்கள் இருந்தால் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். 300 கார்கள் இருந்து, நாடகம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்தால், கடைசி ஆள் 10 மணி நேரம் நிற்க வேண்டும். லிஃப்டை இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினாலும் 5 மணி நேரம். 1950களின் அமைப்புகள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அவற்றில் மேலே தூக்குவது, பக்கவாட்டில் நகர்த்துவது, இடத்துக்குள் தள்ளுவது எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் வரிசையாகச் செய்தது. அது ஒரு காரோடு நடமாடும்போது மற்ற கார்கள் எல்லாம் காத்திருந்தன. அது பழுதானால் எல்லாமே நின்றது.

ஹாக்கின் அமைப்பு இந்த வேலைகளைப் பிரித்தது. கார் ஒரு எஃகுத் தட்டின் மேல் நிற்கிறது. ஆங்கிலப் பெயரிலேயே அதைப் பேலட் என்கிறார்கள். தட்டோடு காரைப் பக்கவாட்டில் கொண்டுசெல்லும் வண்டிகள் ஒவ்வொரு தளத்திலும் தனியாக உள்ளன. மேலும் கீழும் கொண்டுசெல்லும் லிஃப்டுகள் தனியாக உள்ளன. லிஃப்ட் ஒரு தட்டை வாயிலறைக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே மேல்தளத்து வண்டி அடுத்த காரை லிஃப்டின் வாய்க்குக் கொண்டுவந்து வைத்துவிடும். ஒரு காரின் பயண நேரம் பெரிதாகக் குறைவதில்லை. அடுத்தடுத்த கார்களுக்கு இடையிலான நேரம் குறைகிறது. காத்திருப்பவருக்கு வேண்டியதும் அதுதான்.

தட்டைப் பயன்படுத்தும் முடிவைத் துறைக்குள் பலர் ஏற்பதில்லை. தட்டில்லாத அமைப்புகளில் சீப்புப் பற்கள் போன்ற கரங்கள் சக்கரங்களை அடியிலிருந்து ஏந்திக்கொள்கின்றன; எடை குறைவு. தட்டு முறையில் காலியான தட்டுகளையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் கார்கள் மட்டும் வெளியேறும் வேளையில் காலித்தட்டுகள் வழியை அடைக்கும். இந்த எதிர்ப்பு நியாயமானது. மறுபுறம், சிறிய காரோ நீளமான காரோ எதுவாயினும் இயந்திரம் கையாள்வது ஒரே அளவுள்ள தட்டைத்தான். ஒழுகும் எண்ணெயும் பனிநீரும் கீழே நிற்கும் கார் மேல் சொட்டாமல் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. அமெரிக்கக் கார்களின் அளவு வேறுபாட்டையும் வடகிழக்கு மாநிலங்களின் குளிர்காலத்தையும் கருதினால், ஹாக் தட்டைத் தேர்ந்தது தவறென்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது அம்சம் ஒன்றுக்கு இரண்டாக வைப்பது. ஒரு லிஃப்ட் நின்றால் மற்றொன்று அதே தளங்களை எட்டும். ஒரு மோட்டார் செயலிழந்தால் இணை மோட்டார் வேலையை ஏற்கும். கட்டுப்பாட்டுக் கணினிக்கும் மாற்றுக் கணினி உண்டு. சாய்தள நிறுத்தகத்தில் ஒரு விளக்கு அணைந்தால் யாருக்கும் தொல்லையில்லை. இயந்திர நிறுத்தகத்தில் ஒரு சிறு உணரி செத்தால் 300 பேரின் காலைப்பொழுது நின்றுபோகும். இந்த வேறுபாட்டை வடிவமைப்பின் மையத்தில் வைத்ததையே ஹாக்கின் தொழில்வாழ்வின் முதன்மையான பங்களிப்பாக நான் காண்கிறேன்.

இத்தனை வண்டிகளும் லிஃப்டுகளும் ஒன்றோடொன்று மோதாமல், ஒன்றுக்காக ஒன்று தேங்காமல் ஓடுவதை ஒழுங்கு செய்வது மென்பொருள். எந்தத் தட்டில் யாருடைய கார், எந்த இடம் காலி, அடுத்து எதை நகர்த்துவது என்ற அறிவு முழுவதும் அதற்குள் இருந்தது. கென்ட் நிறுத்தகத்தில் அந்த அறிவு பணியாளரின் தலையில் இருந்தது. முதலாளி மாறினாலும் அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

4. கார்டன் தெரு

நிறுத்தகத்தின் தொடக்க ஆண்டுகள் சிக்கலற்றவை அல்ல. 2004இலும் 2005இலும் கார்கள் மேல்தளத்திலிருந்து விழுந்த விபத்துகள் நடந்தன. அவ்வப்போது இயந்திரம் நின்று மக்கள் காத்திருந்தார்கள். அதே சமயம், தெருவில் இடம் தேடிச் சுற்றுவதைவிட இதுவே மேல் என்று மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். விபத்துகளை மட்டும் அடுக்கி இதைத் தோல்வி என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒரு புதிய அமைப்பு தன் முதல் சில ஆண்டுகளில் பிழைகளைக் கண்டு திருத்திக்கொள்வது இயல்பு. கீழே காத்திருப்பவர்கள் இயந்திரம் நடமாடும் பகுதிக்குள் நுழையவே முடியாத வடிவமைப்பு என்பதால் விழுந்த கார்கள் ஆட்களின் மேல் விழும் வாய்ப்பும் குறைவு.

2006இன் நெருக்கடி வேறு வகை. கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம்; அதை இயக்கிய மென்பொருள் ரோபோடிக் பார்க்கிங் நிறுவனத்துக்குச் சொந்தம். இயக்கப் பராமரிப்புக் கட்டணம் குறித்த பூசல் முற்றியபோது, ஒப்பந்தம் முடியச் சில நாட்களே இருந்த நிலையில், நகராட்சி காவல்துறையைக் கொண்டு நிறுவனப் பணியாளர்களை வெளியேற்றியது. அவர்களோடு கையேடுகளும் வெளியேறின, மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் வெளியேறியது. கார்களைக் கையால் வெளியே எடுக்க நடைமுறையில் வழியில்லை. ஓட்டிவரச் சாய்தளமே இல்லாத கட்டடம் அது.

இரு தரப்பும் நீதிமன்றத்தில் ஒன்றன்மேல் ஒன்று குற்றம் சாட்டின. பதிப்புரிமையை மீறியதாக நகராட்சி மேல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மென்பொருளுக்குள்ளேயே பொறி வைத்திருந்ததாக நிறுவனத்தின் மேல் நகராட்சி பழி சுமத்தியது. முடிவில் உடன்பாடு ஏற்பட்டது: மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 5,500 டாலர் உரிமக் கட்டணம். பின்னர் நிறுத்தகம் வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மாறியது.

5. விளக்கங்கள்

இந்நிகழ்வுக்குக் கிடைத்திருக்கும் விளக்கங்களில் பரவலானது வயர்டு இதழ் 2006 ஆகஸ்டில் முன்வைத்தது: கார்களைச் சிறைவைத்தது இயந்திரம் அல்ல, மென்பொருள் உரிமத்தின் நிபந்தனைகள். எண்ணிமக் காலத்தில் பொருளை வாங்கியவர் அதற்கு முழு உரிமையாளர் ஆவதில்லை என்ற பெரிய வாதத்துக்கு ஹோபோகன் எடுத்துக்காட்டானது. இந்த வாசிப்பு கூர்மையானது, ஆனால் பொறியாளரை அறவே விட்டுவிடுகிறது. மென்பொருள் நின்றால் காரை எடுக்க வழியே இல்லாதபடி கட்டடத்தை அமைத்தது ஒரு வடிவமைப்பு முடிவு. மோட்டாருக்கு மாற்று மோட்டார் வைத்த பொறியியல், செய்தவருக்கு மாற்றாக ஒருவரை வைக்க எண்ணவில்லை.

நிறுவனத்தின் தரப்பு வாதம் வேறு: பயிற்சியற்றவர் கையில் இந்த அமைப்பு ஆபத்தானது; எனவே கட்டுப்பாடு தம்மிடம் இருப்பதே பாதுகாப்பு. இதில் உண்மை இருக்கிறது. டன் கணக்கில் எடையுள்ள கார்களைப் பல மாடி உயரத்தில் நகர்த்தும் அமைப்பை விளையாட்டாக ஒப்படைக்க முடியாதுதான். ஆனால் பாதுகாப்பு வாதமும் வணிக வாதமும் ஒரே வாயிலிருந்து வரும்போது பொதுமக்கள் எதை நம்புவது? பயிற்சி, சான்றிதழ், மூன்றாம் தரப்பிடம் மூலநிரலைக் காப்பாக வைத்தல் என்று இதற்கு அறியப்பட்ட தீர்வுகள் இருந்தன. மூலநிரலைக் காப்பாக வைக்கும் வழக்கம் மென்பொருள் வணிகத்தில் அப்போதே பழையது. இரு தரப்பும் அதை முறையாக ஏற்பாடு செய்திருந்தால் கார்கள் அவ்வாறு சிக்கியிருக்க மாட்டா.

நகரத் திட்ட அறிஞர்களின் விமர்சனம் இன்னும் அடியில் கைவைக்கிறது. டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட, இலவச நிறுத்தத்தின் விலையை ஆராய்ந்த நூல், ஒரு கார் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காடு நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்பதை நினைவூட்டியது. கார் நிறுத்த இடம் பெருகினால் கார்களும் பெருகும் என்றால், அதே நிலத்தில் இரு மடங்குக் கார்களை அடுக்கும் இயந்திரம் நோயை வளர்க்கும் மருந்தாகிவிடாதா? கேள்வி சரியானது. ஆனால் ஹோபோகன்போல, ஏற்கெனவே கார்கள் தெருக்களை நிறைத்துவிட்ட ஊர்களில், சாய்தள நிறுத்தகத்துக்கு வேண்டிய நிலத்தில் பாதியை மிச்சப்படுத்துவது நடைபாதைக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் இடம் விடுவதும் ஆகும். மிச்சமான நிலத்தை ஊர் என்ன செய்கிறது என்பதைப் பொறியாளர் தீர்மானிப்பதில்லை.

6. வளைகுடாவும் மயாமியும்

ஹோபோகனோடு ஹாக்கின் கதை முடிந்துவிடவில்லை. அவர் நிறுவனத்தின் பெரிய நிறுத்தகங்கள் வளைகுடா நாடுகளில் எழுந்தன. துபாயின் இப்னு பதூதா கேட் கட்டடத்தில் 765 கார்கள். அதே நகரின் எமிரேட்ஸ் ஃபைனான்சியல் டவர்ஸில் 1,191. குவைத்தின் அல் ஜஹ்ரா நீதிமன்ற வளாகத்தில் 2,314. கின்னஸ் பதிவேடு இவற்றை அளவுக்காகக் குறித்துக்கொண்டது. அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: 1950களின் பொறியாளர்களைத் தோற்கடித்த நெரிசல்நேரக் கணக்கை இத்தனை பெரிய அளவில் எதிர்கொள்ள முடிந்தது என்பது. அலுவலகமும் நீதிமன்றமும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகும் இடங்கள். தூக்குவதையும் நகர்த்துவதையும் பிரித்த வடிவமைப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய நிறுத்தகத்தை அங்கே கட்டத் துணிந்திருக்க முடியாது.

ஹாக்கோடு தொடர்பற்ற ஒரு நிகழ்வு ஹோபோகனின் பாடத்தை மீண்டும் எழுதியது. மயாமியில் 2014இல் முடிந்த பிரிக்கல் ஹவுஸ் குடியிருப்புக் கோபுரத்தின் தானியங்கி நிறுத்தகத்தை அமைத்தது பூமராங் சிஸ்டம்ஸ் நிறுவனம். 2015இல் அது திவாலானது. அவ்வாண்டே நிறுத்தகமும் மூடப்பட்டது. குடியிருப்போர் காரை நிறுத்த வெளியே இடம் தேடி அலைந்தார்கள், வழக்குகள் நீண்டன. ஹோபோகனில் செய்தவர் வெளியேற்றப்பட்டார், மயாமியில் செய்தவரே இல்லாமல் போனார். விளைவு ஏறத்தாழ ஒன்றுதான். எனவே ஹோபோகனை ஒரு நிறுவனத்தின் பிடிவாதமாகவோ ஒரு நகராட்சியின் அவசரமாகவோ மட்டும் சுருக்கிவிட முடியாது.

7. மதிப்பீடு

தானியங்கி நிறுத்தகம் ஒரு கட்டடம் என்று கருதியே நகராட்சிகள் அதை வாங்குகின்றன: ஒரு முறை பணம் கொடு, ஐம்பது ஆண்டு பயன்படுத்து. உண்மையில் அது ஓயாத பராமரிப்பையும் உரிய அறிவையும் கேட்கும் இயந்திரம். ஹாக் தன் துறையின் மிகக் கடினமான சிக்கலைத் தீர்த்தார். அதற்காக அவரை முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம். தன்னை விட்டால் இயங்காத ஒரு பொதுச் சொத்தை உருவாக்கியதில் அவருக்கும் அதை அப்படியே வாங்கிய நகராட்சிக்கும் சம பொறுப்பு உண்டு.

சென்னை தியாகராய நகரில் மாநகராட்சி இயந்திர முறையிலான பல்லடுக்கு வாகன நிறுத்தம் அமைத்திருக்கிறது. மற்ற ஊர்களும் இவ்வழியில் இறங்கும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போது எத்தனை கார்கள், எத்தனை கோடி என்பதோடு நிற்காமல், கட்டுப்பாட்டு மென்பொருள் யாருக்குச் சொந்தம், மூலநிரல் யாரிடம் காப்பாக இருக்கும், நிறுவனம் விலகினால் எத்தனை நாளில் யார் இயக்குவார், மின்சாரமும் கணினியும் நின்ற நாளில் ஒரு காரைக் கையால் எப்படி இறக்குவது என்ற கேள்விகளையும் எழுத்தில் கேட்க வேண்டும். மன்ற உறுப்பினர்களும் வரி கட்டும் மக்களும் இந்தப் பதில்களைப் பொதுவில் வைக்கும்படி இப்போதே வற்புறுத்த வேண்டும்.